எஸ்பெராண்டோவின் ‘ஸிங்கிப்ரோ’: மூலம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

வாவிக்கரை

எஸ்பெராண்டோ–தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று தொகுத்துக்கொண்டிருக்கிறேன். (எஸ்பெராண்டோ என்பது எல்லா நாட்டாருக்கும் பொதுவாக ஒருவர் உட்கார்ந்து செய்த மொழி.) கல்லடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஆசைப்பட்டு அந்த மொழியைப் படிக்கிறார்கள்; அவர்களுக்கு அச்சடித்துக் கொடுப்பதற்காக. சொல், பொருள், மூலம் என்று மூன்று கட்டங்கள். காய்கறி, பழம் எல்லாம் இலகுவாகப் போனது. இஞ்சியில் வந்து வண்டி நின்றுவிட்டது.

இஞ்சிக்கு அந்த மொழியில் ‘ஸிங்கிப்ரோ’. முதலெழுத்தை ‘ஸீப்ரா’ என்பதன் முதலெழுத்தைப் போல அதிர்ந்து சொல்ல வேண்டும்; நம் எழுத்தில் அந்த ஒலிக்கு இடமில்லை. மூலம் என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதச் சொல்லி ஒரு கட்சி, ‘இலத்தீன்’ என்று எழுதச் சொல்லி ஒரு கட்சி. கட்டத்தில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. தெரிந்தவர்கள் தீர்த்துவையுங்கள்.

எழுவான்கரையான்

இதற்கும் ஓர் இழையா? தமிழ் என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். இஞ்சிவேர் என்பதைத்தான் பாளிக்காரர் ‘சிங்கிவேர’ என்றார்கள், கிரேக்கர் ‘ஸிங்கிபெரிஸ்’ என்றார்கள், உரோமர் ‘ஸிங்கிபெர்’ என்றார்கள். கடைசியில் ஓர் ‘ஓ’ ஒட்டினால் உங்கள் ஸிங்கிப்ரோ. மாங்காய் ‘மாங்கோ’ ஆனது, கறி ‘கரேஓ’ ஆனது, கட்டுமரம் ‘கட்டமரானோ’ ஆனது. அந்த மொழியில் ‘ஆனாலும்’ என்பதற்கு ‘தாமென்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. தாமென்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வந்தாறுமூலை ரீச்சர்

தம்பி எழுவான்கரையான், ‘தாமென்’ பழைய இலத்தீனில் அதே வடிவில், அதே பொருளில் இருக்கிற சொல். நம் மொழியின் பெயரோடு அது ஒலியில் மட்டும்தான் உரசுகிறது. அதை விட்டுவிடுவோம்.

நீங்கள் சொன்ன மற்றச் சங்கிலி பெரும்பாலும் சரியானது. ஆனால் வாவிக்கரை கேட்டது வேறு. இஞ்சி என்ற பண்டத்தின் பெயர் உலகெங்கும் எப்படிப் போனது என்று அவர் கேட்கவில்லை. ‘ஸிங்கிப்ரோ’ என்ற இந்த வடிவம் எஸ்பெராண்டோவுக்குள் எந்த வாசலால் வந்தது என்று கேட்கிறார். இயற்கை மொழியில் அந்த வாசலைக் கண்டுபிடிப்பது கடினம். யார் முதலில் சொன்னார், எந்தத் துறைமுகத்தில் சொன்னார் என்று எவருக்கும் தெரியாது. செய்த மொழியில் வாசல் ஒன்றுதான், அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

எஸ்பெராண்டோவைச் செய்த லுட்விக் ஸாமென்ஹோஃப் கண் மருத்துவர். 1859இல், இன்று போலந்தில் இருக்கும் பியாவிஸ்டொக்கில் பிறந்தவர். ரஷ்யர், போலந்தினர், ஜெர்மானியர், யூதர் எல்லோரும் தத்தம் மொழியில் தெருவை நிறைத்த ஊர் அது. (அம்பாறை மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1887இல் வார்சாவில் முதற் புத்தகத்தை வெளியிட்டார். 1893இல் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் கொடுத்து ஓர் அகராதி செய்தார். 1905இல் மொழியின் மாறாத அடிப்படையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நூலில் அந்த அகராதியும் ஒரு பகுதி. இஞ்சி அதில் இருக்கிறது.

இப்போது அந்த ஐந்து மொழிகளின் சொற்களை வரிசையாக வையுங்கள். பிரெஞ்சில் ஜன்ஜாம்ப்ர், ஆங்கிலத்தில் ஜிஞ்சர், ஜெர்மனில் இங்வர், ரஷ்யனில் இம்பீர், போலிஷில் இம்பிர். ஐந்தும் ஒரே குடும்பம். வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் மூன்றுக்கு இரண்டு என்று ‘இ’ வென்றிருக்கும். சொல் ‘இம்பிரோ’ என்றோ ‘இங்வெரோ’ என்றோ ஆகியிருக்கும். இரண்டாம் இடத்துக்கு ‘ஜிஞ்ஜெரோ’ வந்திருக்கும். எஸ்பெராண்டோவில் அந்த ‘ஜ’ ஒலிக்குத் தனி எழுத்தே உண்டு. அவர் ஐந்தில் எதையும் எடுக்கவில்லை. ஐந்துக்கும் மேலே நின்ற இலத்தீன் வடிவத்தை எடுத்தார். தாவரவியலாரும் மருந்துக்கடைக்காரரும் எந்த நாட்டிலும் படிக்கக்கூடிய வடிவம் அதுதான்; செடியின் பேரினப் பெயரும் ‘ஸிங்கிபெர்’தான். அவருக்குத் தமிழ் தெரியாது, பாளி தெரியாது. கிரேக்கம் தெரியும். ஆனால் கிரேக்கத்தின் ‘-இஸ்’ ஈறு இங்கே தடயமே இல்லை.

இன்னும் ஒரு சிறு தடயம். இலத்தீனில் வேற்றுமை ஏற்கும்போது ‘ஸிங்கிபெரிஸ்’ என்று ‘எ’ நின்றுவிடுகிறது. எஸ்பெராண்டோவில் அது விழுந்து ‘ப்ர்’ என்று மெய்கள் ஒட்டிக்கொண்டன. ‘செப்டெம்ப்ரோ’, ‘டெட்ஸெம்ப்ரோ’, புத்தகத்துக்கு ‘லிப்ரோ’ என்ற சொற்களைப் பாருங்கள். ‘-பெர்’ என்று முடியும் இலத்தீன் சொல்லை ‘-ப்ரோ’ ஆக்குவது அவருடைய கைப்பழக்கம். அந்தப் பழக்கம்தான் இந்தச் சொல்லின் கையெழுத்து.

ஆகவே என் விடை: இலத்தீன்.

எழுவான்கரையான்

ரீச்சர், ஒரு பிள்ளையின் தாய் யார் என்று கேட்டால் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயரைச் சொல்வீர்களா? இலத்தீன் கையில் ஏந்திக் கொடுத்தது. பெற்றது யார்?

சம்மாந்துறையான்

இந்தச் சண்டைக்குள் அரபியையும் இழுத்துவிடுகிறேன். திருக்குர்ஆனின் 76ஆவது அத்தியாயம் 17ஆவது வசனத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலப்பதாக ‘ஸன்ஜபீல்’ வருகிறது. எங்கள் வீடுகளில் சிறுவயதிலேயே ஓதிப் பழகிய சொல். அரபிக்குப் பாரசீகம், சிரியாக் பக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். கிரேக்கத்தின் வழியாக மேற்கே போன அதே சொல், நிலவழியாக இன்னொரு கிளை பிரிந்து போயிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், சந்தையில் நாங்களும் இஞ்சி என்றுதான் கேட்போம். ஸன்ஜபீல் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஓதும்போது ஒன்று, வாங்கும்போது ஒன்று. இரண்டும் தூரத்துச் சொந்தம் என்று மௌலவி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எழுவான்கரையான் கவனிக்க: ‘பெற்றவர்’ என்று தமிழைச் சொல்ல நீங்கள் அவசரப்படுகிறீர்கள். பாளிச் சொல்லில் ‘சி’ இருக்கிறது. இஞ்சியில் ‘சி’ முதலில் இல்லையே? எங்கே போனது?

வந்தாறுமூலை ரீச்சர்

நல்ல கேள்வி, சம்மாந்துறையான். இதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி.

தமிழில் சொல்லின் முதலில் நின்ற சகரம் பல இடங்களில் விழுந்துவிட்டது. சிறகு–இறகு, சிப்பி–இப்பி இரண்டு சோடிகளும் இன்னும் அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. கன்னடத்தில் ‘சாவிர’ என்பது தமிழில் ‘ஆயிரம்’. அதே தேய்மானத்தில்தான் பழைய ‘சிங்கி’ போன்ற ஒரு வடிவம் சகரத்தை இழந்தது, இகரத்தின் பின்னால் நின்ற ‘ங்க’ மெல்ல ‘ஞ்ச’ ஆனது, இஞ்சி மிஞ்சியது. பாளி கடன் வாங்கியது அந்தத் தேய்மானத்துக்கு முன்னால். அதனால்தான் நாம் தொலைத்த எழுத்தை அது பத்திரமாக வைத்திருக்கிறது. மதுரைக்காஞ்சியில் ‘இஞ்சி மஞ்சட் பைங்கறி’ என்று வரும்போது நம் சொல் ஏற்கெனவே இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டது. (அங்கே ‘கறி’ என்பது மிளகு. எழுவான்கரையானின் ‘கரேஓ’வுக்கு ஒரு பழைய தாத்தா.)

அப்படியானால் பாளிக்குக் கொடுத்த மொழியின் பெயர் என்ன? இன்று நாம் பேசும் தமிழ் என்று சொல்ல முடியாது. தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கிடந்த, திராவிடத்தின் ஒரு பழைய நிலை. ‘தமிழ்’ என்று ஒரே சொல்லில் கட்டத்தை நிரப்புவது எனக்கு இதனாலும் உறுத்துகிறது.

கல்லோயா இடதுகரை

பாளிப் பக்கத்திலிருந்து ஒரு சான்று. பிக்குகளின் ஒழுக்க நூலான விநயபிடகத்தின் மகாவக்கத்தில் நோயுற்ற பிக்குகளுக்கு அனுமதித்த மருந்துகள் சொல்லப்படும் இடம். ‘வேர் மருந்துகள்’ என்று ஒரு வகை பிரித்து, மஞ்சள், சிங்கிவேர, வசம்பு என்று பட்டியல் போகிறது. வேர் மருந்துப் பட்டியலில், தன் பெயரின் வாலிலேயே ‘வேர்’ வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சொல்! பாளிக்காரருக்கு அந்த வாலின் பொருள் தெரிந்திருக்குமா என்பது வேறு.

அம்பாறைச் சந்தையில் ஒரே குவியலுக்கு முன்னால் நின்று ஒருவர் இஞ்சி என்பார், அடுத்தவர் ‘இங்குரு’ என்பார். சிங்களத்தில் ஸகரம் ஹகரமாகி, ஹகரமும் தேய்ந்து போன பிறகு மிஞ்சியது அது. கடைசி ‘ரு’வில் வேரின் ஒரு நுனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் வேரை வெட்டிவிட்டு இஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டது. சிங்களம் முதலையும் இழந்தது, ஆனால் வாலை விடவில்லை.

எழுவான்கரையான்

அப்படியென்றால் ஜெர்மன்காரரின் ‘இங்வர்’ இன்னும் பொருத்தம் அல்லவா? முதலில் ‘இ’, கடைசியில் ‘வர்’. இஞ்சிவேரை நேரே நம்மிடம் வாங்கியது போல் இருக்கிறதே!

வந்தாறுமூலை ரீச்சர்

இருக்கிறது, அதுதான் ஆபத்து. பழைய ஜெர்மன் வடிவங்களில் முதலில் மெய் இருந்தது. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அங்கே போய்த் தன் தலையை இழந்தது. நம் ஊரிலும் தலை போனது, அவர்கள் ஊரிலும் தலை போனது. இரண்டு விபத்துகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்லத் தொடங்கினால் ‘தாமென்’ கதைக்குத்தான் திரும்பி வருவோம்.

நெறியாளர்

முதற்சகரம் விழுந்த சொற்களுக்கு உதாரணமாக இந்தத் தீவின் பழம்பெயர் ஒன்றை எடுத்து மூவர் எழுதிய பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அங்கே போய் வேண்டிய மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே இஞ்சி மட்டும்.

படுவான்கரைப் பெண்

எல்லோரும் கிரேக்கம், உரோமம் என்று சுற்றுகிறீர்கள். அடுப்படிக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. உலர்ந்த இஞ்சிக்கு இந்தியப் புத்தகங்களில் சுக்கு என்று வரும். நமக்கு அது வேர்க்கொம்பு. தடிமன் பிடித்தால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்காத வீடு வாவிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை.

ஒரு துண்டை இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடுவில் தடித்த ஒரு கணு, அதிலிருந்து மூன்று கிளைகள், ஒன்று நீளம், இரண்டு குட்டை. முனைகள் மழுங்கியிருக்கின்றன. சுண்ணாம்பு படிந்தது போன்ற சாம்பல் தோல், அதில் குறுக்காக வளைய வளையமான கோடுகள். எவரும் பெயர் சொல்லித் தராவிட்டாலும் இதைப் பார்த்தால் மான்கொம்பு என்றுதான் சொல்வார்கள்.

சமஸ்கிருதத்தில் இஞ்சிக்கு ‘சிருங்கவேர’ என்று பெயர். ‘சிருங்கம்’ கொம்பு. கொம்பு ஒரு பாதி, வேர் ஒரு பாதி. நம் சொல்லிலும் வேர் ஒரு பாதி, கொம்பு ஒரு பாதி. இடம்தான் மாறியிருக்கிறது. அவர்கள் நம்முடைய சொல்லை மொழிபெயர்த்தார்களா, நாம் அவர்களுடையதை மொழிபெயர்த்தோமா? ரீச்சர் சொல்லட்டும்.

வந்தாறுமூலை ரீச்சர்

தங்கச்சி, இந்த இழையில் வந்த பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆனால் இரண்டில் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சமஸ்கிருதக்காரருக்கு ‘சிங்கிவேர’ போன்ற ஒரு பிறமொழிச் சொல் காதில் விழுந்தது. பொருள் புரியாத சொல்லுக்குத் தெரிந்த துணியை உடுத்திப் பார்ப்பது எல்லா மொழிக்கும் உள்ள வழக்கம். ‘சிங்கி’யைச் ‘சிருங்கம்’ ஆக்கினார்கள். ‘வேர’ என்பதற்கு அவர்களுடைய மொழியில் உடல் என்று பொருள் கொண்டு, ‘கொம்பு போன்ற உடலுடையது’ என்று முடித்தார்கள். பண்டத்தின் உருவமும் ஒத்துழைத்தது. வேர் என்ற பொருள் அவர்கள் சொல்லில் இல்லை. ஒலி மட்டும்தான் அங்கே போனது.

நம் வேர்க்கொம்பு வேறு திசையில் பிறந்தது. காய்ந்த கிழங்குத் துண்டைக் கொம்பு என்பது நம் வழக்கம். மஞ்சளிலும் கொம்பு மஞ்சள் உண்டு. அதற்கு யாரையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, நீங்கள் செய்தது போல் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். ஒரே பொருளை இருவர் வெவ்வேறு காலத்தில் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

வேர் என்பதும் கண்ணுக்குத்தான். தாவரவியலில் இஞ்சி வேரே அல்ல, நிலத்துக்குக் கீழே கிடக்கும் தண்டு. உரோமரிடமும் குழப்பம் இருந்தது. சிலர் அதை மிளகு மரத்தின் வேர் என்று நினைக்கிறார்கள், அது தவறு என்று முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதவேண்டி வந்தது.

பொத்துவில் இளைஞன்

ரீச்சரிடமும் அண்ணன்மாரிடமும் ஒரு சந்தேகம். யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்த மொழிக்குச் சொற்பிறப்பியல் எதற்கு? செய்தவர் நினைத்ததை வைத்தார், முடிந்தது. ‘பாகுபலி’ படத்துக்காக மதன் கார்க்கி செய்த கிளிக்கி மொழியில் நான் என்பதற்கு ‘மின்’, நீ என்பதற்கு ‘நிம்’. திருப்பிப் போட்டார், அவ்வளவுதான். அதற்கு வேர் தேடுவீர்களா?

வந்தாறுமூலை ரீச்சர்

தேடுவேன், தம்பி. திருப்பிப் போட்டார் என்று நீங்கள் சொன்னதே அந்தச் சொல்லின் பிறப்பு வரலாறுதான். செய்த மொழிகளில் தேட வேண்டியது செய்தவரின் பழக்கத்தை.

எஸ்பெராண்டோவுக்குச் சில ஆண்டுகள் முன்னால் ஜெர்மானியப் பாதிரியார் ஷ்லையர் செய்த வொலாப்யூக்கை எடுங்கள். அந்தப் பெயரிலேயே ‘வொல்’ உலகம், ‘ப்யூக்’ பேச்சு. இரண்டும் ஆங்கிலச் சொற்கள், ‘வேர்ல்ட்’, ‘ஸ்பீக்’. தலையையும் காலையும் வெட்டி ஆங்கிலேயரே அடையாளம் காணாதபடி செய்துவிட்டார். ரகரம் சீனர் போன்றோருக்குக் கடினம் என்று அதைக் கூடியவரை விலக்கினார். அவர் இஞ்சியை எடுத்திருந்தால் நாம் இங்கே இவ்வளவு பேசியிருக்க முடியாது, சொல்லின் முகமே தெரிந்திருக்காது. ஸாமென்ஹோஃப் முகத்தை விட்டுவைத்தார். அதனால்தான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதன் வேரில் கைவைக்க முடிகிறது.

அவரும் எப்போதும் அப்படி இல்லை. மனைவிக்கு எஸ்பெராண்டோவில் ‘எட்ஸீனோ’, கணவனுக்கு ‘எட்ஸோ’. எந்த ஐரோப்பிய மொழியில் தேடினாலும் கணவனுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. இளவரசியைக் குறிக்கும் ஜெர்மன் ‘பிரின்ட்ஸெஸின்’ என்பதிலிருந்து ‘பிரின்ட்ஸெட்ஸீனோ’ என்று ஒரு சொல் செய்து, இளவரசன் என்ற பகுதியைக் கழித்தபோது மிஞ்சிய வாலை ‘மனைவி’ என்று வைத்துக்கொண்டதாக அவருடைய சொந்த விளக்கம். எஸ்பெராண்டோவில் ‘-இன்’ பெண்பால் ஈறு. அதையும் கழற்றினார், ‘எட்ஸோ’ என்று கணவன் பிறந்தான். யூத மதகுருவான ரபியின் மனைவியைக் குறிக்கும், யூதர் பேசும் இத்திஷ் மொழிச் சொல் ‘ரெபெட்ஸின்’ அவருடைய வீட்டு மொழியிலேயே இருந்தது, அந்த வாலும் அப்படியே ஒலிக்கிறதே என்று அறிஞர் சிலர் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவது விளக்கத்தில்தான் மனம் நிற்கிறது. செய்தவர் உயிரோடு இருந்து விளக்கம் கொடுத்த சொல்லிலேயே இவ்வளவு வழக்கு இருக்கிறது, தம்பி. ‘நினைத்ததை வைத்தார், முடிந்தது’ என்று எப்படிச் சொல்வது?

கல்லோயா இடதுகரை

கலைச்சொல்லுக்கும் இது பொருந்தும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். அப்படி உட்கார்ந்து செய்த எத்தனையோ சொற்களை நம் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் பிறவிச் சொற்களாகவே படிக்கிறார்கள்.

எழுவான்கரையான்

அடிகளையும் கூட்டிவந்துவிட்டீர்கள், சரி. நான் என் கட்சியை விடவில்லை. மருத்துவச்சி கேள்விக்கு ரீச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வந்தாறுமூலை ரீச்சர்

சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பெற்றவர் பெயர் வர வேண்டும் என்பது நியாயம். ஆனால் இலத்தீன் இங்கே மருத்துவச்சி அல்ல. ஸாமென்ஹோஃப் அந்தச் சொல்லை எடுத்தது இலத்தீனிலிருந்து. இலத்தீனுக்குக் கிரேக்கம், கிரேக்கத்துக்கு இந்தியக் கரையிலிருந்து போன வணிகம். ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை. கொள்ளுப்பாட்டியைத் தாய் என்று எழுதினால் நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுவார்கள். அதில் பாளியும் போய்விடும், அந்தச் சகரத்தைக் காப்பாற்றித் தந்தது அதுதான்.

வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, இரண்டு வரி எழுதியிருக்கிறேன்:

முதல் வரி: இலத்தீன் ‘ஸிங்கிபெர்’, ‘-பெர்’ > ‘-ப்ரோ’, ‘செப்டெம்ப்ரோ’ ஒப்பிடுக.
இரண்டாம் வரி: முன்வரலாறு: கிரேக்கம் < பாளி ‘சிங்கிவேர’ < பழந்திராவிடம், தமிழ் இஞ்சி, வேர்.

மாங்கோ, கரேஓ, கட்டமரானோ மூன்றுக்கும் இதே முறையில் இரண்டு வரி போடப்போகிறேன். அவற்றுக்கு நடுவில் நிற்பவர்கள் போர்த்துக்கேயரும் ஆங்கிலேயரும்.

எழுவான்கரையான்

இரண்டாம் வரியை முதல் வரியாக்குங்கள். கையொப்பம் இடுகிறேன்.

படுவான்கரைப் பெண்

பொருள் என்ற கட்டத்தில் என்ன போட்டீர்கள்? வெறும் இஞ்சியா? வேர்க்கொம்புக்கு அந்த மொழியில் தனிச்சொல் உண்டா?

வாவிக்கரை

தனிச்சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. ‘ஸெகிகீத்தா ஸிங்கிப்ரோ’ என்று சொல்லலாம், அதாவது உலர்த்திய இஞ்சி. பொருளில் ‘இஞ்சி, உலர்ந்ததாயின் வேர்க்கொம்பு’ என்று போட்டுவிட்டேன். சுக்கு என்று அடைப்புக்குள் போட இடமில்லை.

படுவான்கரைப் பெண்

இடம் இருந்தாலும் போட வேண்டாம்.

வாவிக்கரை

அடுத்த சொல் மஞ்சள். ‘குர்கூமோ’.

சம்மாந்துறையான்

அரபியில் ‘குர்கும்’. அந்தக் கட்டத்தை நான் நிரப்புகிறேன். எழுவான்கரையான் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.